பல் சிகிச்சைக்குத் தொலைவிலிருந்து இரண்டாம் கருத்து

சென்ற மழைக்காலத்தில் ஓர் அம்மையார் வீங்கிய கன்னத்துடன் எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்தார். வலப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் நெடுக்காகப் பிளந்து, அதைச் சுற்றியிருந்த எலும்பு கரைந்திருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பே அவருடைய ஊர்ப் பல் மருத்துவர் இதைக் கண்டறிந்து, அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்று கூறியிருந்தார். பெரிய வலி இல்லாதபோது பல்லை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? வெளிநாட்டில் பணிபுரியும் மகன், முழுத்தாடை எக்ஸ்ரே படத்தைக் கைபேசியில் பிடித்து அனுப்பச் சொல்லி, தமக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவரிடம் காட்டினார். “வலப்பக்கப் பல் நன்றாக இருக்கிறதே! கெட்டிருப்பது இடப்பக்கப் பல் அல்லவா?” என்று அவர் கேட்டார். தவறான பல்லை எடுக்கவிருந்தார்கள், நல்ல வேளையாகத் தப்பினோம் என்று குடும்பமே பெருமூச்சு விட்டது. ஊர் மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிட்டனர்.

நடந்தது இதுதான். எக்ஸ்ரே படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது முன்பின்னாகப் பிடித்துவிட்டார்கள். இடப்பக்கத்தைக் காட்டும் ‘எல்’ என்ற எழுத்து படலத்தின் ஓரத்தில் இருந்தது. படம் அழகாக அமையட்டும் என்று ஓரங்களை வெட்டியபோது அதுவும் போய்விட்டது. தொலைவில் இருந்த மருத்துவர் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல இடம் வலமாக மாறிய படத்தைப் பார்த்தே பேசினார். அவரும் நேர்மையாகச் சொன்னார், ஊர் மருத்துவரும் நேர்மையாகச் சொன்னார். இடையில் கிருமித் தொற்று தாடைக்கு வெளியே பரவத் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேர வேலையாக முடிந்திருக்க வேண்டிய பல் எடுப்பு, நான்கு நாள் மருத்துவமனை வாசமாக முடிந்தது.

இந்த அனுபவத்தை வைத்து, இரண்டாம் கருத்தே கேட்க வேண்டா என்று நான் சொல்லப் போவதில்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வரைந்த நோயாளர் உரிமைகள் சாசனம், சிகிச்சைப் பதிவுகளின் நகலைப் பெறுவதையும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதையும் நோயாளியின் உரிமைகளாகவே குறிப்பிடுகிறது. பல பற்களை எடுப்பது, இம்ப்ளான்ட் பொருத்துவது, தாடை அறுவை சிகிச்சை போன்ற திரும்பப்பெற முடியாத சிகிச்சைகளுக்கு முன் இன்னொருவரைக் கேட்பது நல்ல வழக்கம். நிபுணர் இல்லாத ஊர்களில் இருப்போருக்கும், படுக்கையில் உள்ள முதியோரைக் கவனிப்போருக்கும் தொலைவிலிருந்து கேட்பதே சில வேளைகளில் ஒரே வழி. ஆனால் தொலைவில் இருப்பவர் உங்கள் வாயைப் பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பும் கோப்பைத்தான் பார்க்கிறார். அவருடைய கருத்து அந்தக் கோப்பின் தரத்தைத் தாண்டாது.

தொலைவிலிருந்து எது தெரியும், எது தெரியாது

பல்லை ஆராயும் மருத்துவருக்குக் கண்ணின் வேலை பாதிதான். மீதி கையின் வேலை. குளிரூட்டிய சிறு பஞ்சைப் பல்லின் மீது வைத்து, கூச்சம் எழுகிறதா, எழுந்தால் உடனே அடங்குகிறதா, நெடுநேரம் நின்று வலிக்கிறதா என்று பார்ப்பார். பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட மென்மையான பற்கூழ் உயிருடன் இருக்கிறதா என்பதை இதிலிருந்தே ஊகிக்கிறோம். கருவியின் கைப்பிடியால் மெல்லத் தட்டுவார். தட்டும்போது குறிப்பிட்ட ஒரு பல் மட்டும் வலித்தால் அதன் வேர் நுனியைச் சுற்றி அழற்சி இருக்கக்கூடும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே, மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியை இறக்கி ஆழம் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 6 அல்லது அதற்கு மேல் என்றால் பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்திருக்கிறது என்று பொருள். பல்லைச் சுற்றி எங்கும் ஆழமில்லாமல் ஒரே இடத்தில் மட்டும் கம்பி ஆழமாக இறங்கினால், வேர் பிளந்திருக்கிறதோ என்ற ஐயம் எழும். கடைசியாகப் பல்லை அசைத்துப் பார்த்து, எந்த அளவுக்கு ஆடுகிறது என்று குறிப்பார்.

இந்த நான்கையும் கைபேசி வழியாகச் செய்ய இயலாது. எக்ஸ்ரே படமும் இவற்றுக்கு ஈடாகாது. எக்ஸ்ரே என்பது முப்பரிமாணப் பொருளின் தட்டையான நிழல். மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும், சைனஸ் அறையின் நிழலோடு கலந்தும் விழும். எனாமலில் அப்போதுதான் தொடங்கிய சொத்தை அதில் தெரியாமலே போகலாம். ஈறில் ரத்தக் கசிவு இன்று இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. கரைந்த எலும்பை மட்டும் காட்டும். அந்தக் கரைவு பத்து ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்து நின்றுவிட்டதா, இப்போதும் தொடர்கிறதா என்பதை ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் அறுதியிட்டுக் கூற முடியாது.

ஆயினும், சோதனைகளைத் தொலைவில் செய்ய முடியாவிட்டாலும் அவற்றின் முடிவுகளை அனுப்ப முடியும். முதல் மருத்துவரிடம், “குளிர்ச் சோதனை, தட்டிப் பார்த்தது, ஈறின் ஆழம், பல்லின் ஆட்டம் இவற்றின் முடிவுகளை எழுதித் தர இயலுமா?” என்று கேளுங்கள். நான்கு வரிகள் போதும். சோதனை செய்தவருக்கு அதை எழுதித் தருவது பெரிய காரியம் அன்று. சோதனையே செய்யப்படவில்லை என்றால், அதை அறிவதும் பயனுள்ளதே.

தொலைவில் இருப்பவர் நன்றாகச் செய்யக்கூடியது வேறொன்று: கண்டறிந்தவற்றிலிருந்து அந்தச் சிகிச்சைத் திட்டம் முறையாக எழுகிறதா என்று பார்ப்பது. எடுக்கச் சொன்ன பல்லை வேர் சிகிச்சையால் காக்க வழி உண்டா, ஆறு பற்களுக்கு ஒரே நேரத்தில் கேப் போட வேண்டுமா, எதை முதலில் செய்வது, எதை ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்பவற்றை அவர் ஆற அமர யோசித்துச் சொல்லலாம். கூட்டம் மிகுந்த மாலை வேளையில், வாய் மரத்துப்போன நிலையில் நீங்கள் கேட்க மறந்ததை எல்லாம் இப்போது கேட்கலாம். பலருக்கு இரண்டாம் கருத்தால் கிடைக்கும் பெரிய நன்மை வேறு முடிவு அன்று. அதே முடிவுக்கான விளக்கம்.

காணொலி அழைப்பு இதற்கு அவ்வளவாக உதவாது என்பது என் அனுபவம். கை நடுங்க, டார்ச் வெளிச்சத்தில் காட்டப்படும் வாயில் நாக்கைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. முன்கூட்டியே அனுப்பிய தெளிவான படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அழைப்பைப் பயன்படுத்துவதே மேல்.

கோப்பில் இருக்க வேண்டியவை

எக்ஸ்ரே படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இன்று பெரும்பாலான மருத்துவ நிலையங்களில் படம் கணினியில்தான் பதிவாகிறது. ஒரு பல்லை மட்டும் காட்டும் சிறிய ஆர்விஜி படத்தையும், முழுத்தாடையைக் காட்டும் ஓபிஜி படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பித் தரச் சொல்லலாம். திரையைக் கைபேசியால் படமெடுத்தால் கோடுகளும் ஒளித் தெறிப்பும் சேர்ந்து, நுண்ணிய வேர் நுனி மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். அதே செயலியில் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் மூலப் படம் அப்படியே போய்ச்சேரும். இந்தச் சிறு வேறுபாட்டால் நான் பல முறை “மீண்டும் அனுப்புங்கள்” என்று எழுத நேர்ந்திருக்கிறது.

இம்ப்ளான்ட், ஞானப்பல் அறுவை போன்றவற்றுக்குச் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அச்சிட்டுத் தரும் தாளில் சில வெட்டுத் தோற்றங்களே இருக்கும். இரண்டாமவர் தமக்கு வேண்டிய கோணத்தில் பார்க்க, சிடியிலோ பென் டிரைவிலோ தரப்படும் முழுக் கோப்பு தேவை. அதன் அளவு பெரியது என்பதால் இணைய வழிப் பகிர்வாக அனுப்ப நேரிடும். படலம் மட்டுமே இருந்தால், வெள்ளைத் திரை காட்டும் கணினியின் மீது அதை வைத்துப் படமெடுங்கள். நான்கு ஓரங்களும், அவற்றில் உள்ள எழுத்துகளும், பெயரும் தேதியும் தெரிய வேண்டும். எதையும் வெட்டாதீர்கள். ‘எல்’, ‘ஆர்’ எழுத்துகள் நேராகப் படிக்க முடிந்தால்தான் படலம் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது.

பழைய படங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அவற்றையும் சேருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்று, இன்றைய படங்கள் மூன்றைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து, உடல்நிலையும் மருந்துகளும். இதைப் பல்லோடு தொடர்பில்லாதது என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள், சர்க்கரை நோயும் அண்மைய எச்பிஏ1சி அளவும், செயற்கை இதய வால்வு, கருவுற்றிருத்தல், மருந்து ஒவ்வாமை, தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றது, எலும்பை வலுப்படுத்தத் தரப்படும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை எல்லாம் திட்டத்தையே மாற்றிவிடும்.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒரு பெரியவரைப் பற்றிய கோப்பு ஒருமுறை எங்களிடம் வந்தது. வெளியூரில் ஒரு மருத்துவ நிலையத்தில் அவருக்கு மூன்று பற்களை எடுத்து இம்ப்ளான்ட் பொருத்தத் திட்டமிட்டிருந்தனர். பற்களை மட்டும் பார்த்தால் அது குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் அவருடைய மகள், தந்தையின் புற்றுநோய் மருந்துச் சீட்டையும் படமெடுத்து இணைத்திருந்தார். அதில் மாதந்தோறும் சோலெட்ரோனிக் அமில ஊசி என்றிருந்தது. அந்த ஊசி பெறுவோருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல், தாடை எலும்பு வெளிப்பட்டு, நாளடைவில் அழுகிப்போகும் அபாயம் உண்டு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் ‘இது எலும்புக்கான ஊசிதானே’ என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேற்பகுதியை மட்டும் ஈறு மட்டத்தில் வெட்டிவிட்டு வேர்களை எலும்பிலேயே விட்டுவைக்கலாம் என்றும், புற்றுநோய் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குமாறும் எழுதினோம். ஊர் மருத்துவர் அன்றே தொலைபேசியில் அழைத்து, தாமே அதைச் செய்வதாகக் கூறினார். எங்களுக்கு அந்தப் பெரியவரின் வாயைப் பார்க்கும் வாய்ப்பே ஏற்படவில்லை. மகள் இணைத்த ஒரு மருந்துச் சீட்டே போதுமானதாக இருந்தது.

மருந்துகளைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை: பல் எடுக்க வேண்டும் என்பதற்காக ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த முடிவு அதை எழுதித் தந்த இதய மருத்துவருடையது.

பல்லின் எண்ணில் ஒரு பொறி

வெளிநாட்டில் உள்ள உறவினர் வழியாகக் கருத்துக் கேட்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் அறிய வேண்டிய ஒன்று, பற்களுக்கு எண் இடும் முறை நாட்டுக்கு நாடு மாறும் என்பது. நம் நாட்டில் வழங்கும் முறையில் வாய் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படும். நோயாளியின் வல மேற்பகுதி 1, இட மேற்பகுதி 2, இடக் கீழ்ப்பகுதி 3, வலக் கீழ்ப்பகுதி 4. ஒவ்வொரு பகுதியிலும் நடு முன்பல் 1-இல் தொடங்கி ஞானப்பல் 8-இல் முடியும். ஆகவே 46 என்பது நாற்பத்தாறாவது பல் அன்று. நான்காம் பகுதியின் ஆறாவது பல், அதாவது வலக் கீழ் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவிலோ 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுகிறார்கள். அங்கே அதே பல்லின் எண் 30. சிக்கல் எங்கே என்றால், 11 முதல் 18 வரையும் 21 முதல் 28 வரையும் 31, 32 ஆகியவையும் இரு முறைகளிலும் வரும் எண்கள். நம்மிடம் 16 என்றால் வல மேல் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க மருத்துவருக்கு 16 என்றால் இட மேல் ஞானப்பல்.

எண்ணோடு சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்: “பல் 16, வலப்பக்கம், மேலே, முதல் கடைவாய்ப்பல்.” ‘வலப்பக்கம்’ என்பது எப்போதும் நோயாளியின் வலக்கைப் பக்கம்.

நாடுகளுக்கிடையே எண் மட்டும் மாறுவதில்லை; வழக்கமும் மாறும். தொந்தரவு தராத, நோயில்லாத, புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டா என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. அமெரிக்காவிலோ இளவயதிலேயே எடுத்துவிடச் சொல்லும் மருத்துவர்கள் மிகுதி. லண்டனில் உள்ள அண்ணனும் டெக்சாஸில் உள்ள அக்காவும் கேட்டுச் சொல்லும் கருத்துகள் முரண்பட்டால், இருவரில் ஒருவர் தவறு என்று பொருளாகாது.

வீட்டில் படமெடுக்கும்போது

வாயின் ஒளிப்படங்களும் கோப்புக்கு வலுச் சேர்க்கும். இதற்கு இரண்டு பேர் தேவை. வாய் கொப்பளித்து, கழற்றக்கூடிய பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு, ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் நோயாளியை அமர்த்துங்கள். சமையலறையில் உள்ள இரண்டு சிறிய கரண்டிகளை வெந்நீரில் கழுவி, சூடு ஆறியபின் அவற்றின் முதுகுப்புறத்தால் கன்னங்களை மெல்ல ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கைபேசியின் பின்பக்கக் கேமராவையே பயன்படுத்த வேண்டும். செல்ஃபி கேமரா சில கைபேசிகளில் இடம் வலத்தை மாற்றிவிடும். மிக அருகே கொண்டுபோனால் படம் மங்கும். ஓர் அடி தள்ளி நின்று, பின்னர் பெரிதாக்கிக் கொள்ளலாம். பற்களைக் கடித்த நிலையில் முன்புறம், வலம், இடம். வாயைத் திறந்த நிலையில் மேல்வரிசை, கீழ்வரிசை: இந்த ஐந்து போதும். வலி உள்ள இடத்தை விரலால் சுட்டிக்காட்டி ஆறாவது ஒன்றும் எடுக்கலாம். பார்க்க அழகாக இராது. ஆனால் அந்த அம்மையாரின் கோப்பில் இப்படி ஒரு விரல் இருந்திருந்தால், வலம் எது இடம் எது என்ற கேள்வியே எழுந்திராது.

யாரிடம், என்ன கேட்பது

வேர் சிகிச்சையைப் பற்றிய ஐயத்தை வேர் சிகிச்சை நிபுணரிடமும், ஆடும் பற்களைப் பற்றியதை ஈறு நோய் நிபுணரிடமும், குழந்தையின் பல்லைக் குழந்தைகள் பல் மருத்துவரிடமும் கேட்பது முறை. உங்களுக்கு அந்தச் சிகிச்சையைத் தாமே செய்து கட்டணம் பெறும் வாய்ப்பு இல்லாத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், தொலைவிலிருந்து ஆலோசனை தரும் மருத்துவர் தம் பதிவு எண்ணை நோயாளிக்குக் காட்ட வேண்டும் என்று கூறுகின்றன. முகம் தெரியாத பல் மருத்துவரிடமும் அதையே எதிர்பார்க்கலாம். வெளிநாட்டு மருத்துவர் தம் எண்ணத்தைச் சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன மருந்தை இங்கே கடையில் வாங்கி உட்கொள்வது கூடாது.

‘இந்தத் திட்டம் சரியா?’ என்று ஒற்றை வரியில் கேட்டால், ‘சரிதான்’ என்றோ ‘நேரில் பார்க்க வேண்டும்’ என்றோ ஒற்றை வரியே பதிலாக வரும். கேள்வி கூர்மையாக இருக்கட்டும். ஒரு மாதிரி தருகிறேன்:

“என் தாயாருக்கு வயது 62. சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் எச்பிஏ1சி 7.4. ஆஸ்பிரின் உட்கொள்கிறார். பல் 36, இடப்பக்கம், கீழே, முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு மாதமாக மெல்லும்போது வலி. இரவில் வலி இல்லை. குளிர்ச் சோதனையில் உணர்ச்சி இல்லை, தட்டினால் வலி, ஈறின் ஆழம் எங்கும் 3 மில்லிமீட்டர், ஆட்டம் இல்லை. எங்கள் மருத்துவர் பல்லை எடுத்து இம்ப்ளான்ட் பொருத்தச் சொல்கிறார். வேர் சிகிச்சை செய்து காக்க முடியுமா? முடியும் என்றால் அதன் பின் கேப் போடப் போதிய பல் மிஞ்சியிருக்கிறதா? இரண்டு மாதம் காத்திருந்தால் என்ன இழப்போம்? இவற்றுக்கு விடை சொல்ல வேறு படமோ சோதனையோ தேவையா?”

முதல் மருத்துவரின் திட்டத்தை மறைத்துவிட்டுக் கேட்டால்தான் பாரபட்சமற்ற கருத்துக் கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சோதனை முடிவுகளை மறைப்பது வீண். அது தேர்வு வைப்பதைப் போன்றது. வேண்டுமானால், படங்களை முதலில் பார்க்கும்படியும் திட்டத்தைப் பின்னர் படிக்கும்படியும் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளலாம்.

பதில் வந்த பின்

எழுத்தில் வாங்குங்கள். “அவர் எடுக்க வேண்டாம் என்றாராம்” என்று மூன்றாம் வாய் வழியாக வரும் செய்தியில், ‘இப்போதைக்கு’, ‘படத்தில் பார்த்த வரையில்’ என்ற சொற்கள் உதிர்ந்துபோகும். அவற்றில்தான் மருத்துவரின் முழுப் பொருளும் இருக்கும்.

இரு கருத்துகளும் ஒத்தால் மனம் அமைதியுறும். மாறுபட்டால், வேறுபாடு எதில் என்று பிரித்துப் பாருங்கள். பல்லின் நிலையைப் பற்றியே இருவரும் வேறு வேறாகச் சொன்னால், நேரில் சோதித்தவரின் சொல்லுக்கே முதலிடம்; ஐயம் தீர மூன்றாமவர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் எல்லாத் துறை நிபுணர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நிலையைப் பற்றி ஒத்துப்போய், செய்ய வேண்டியதில் மட்டும் வேறுபட்டால், அது பெரும்பாலும் இரு நல்ல வழிகளுக்கு இடையிலான தேர்வு. ஆழமான சொத்தையில் பற்கூழுக்கு அருகே உள்ள மெல்லிய பகுதியை விட்டுவைத்து மூடலாம் என்பார் ஒருவர். முழுவதும் சுரண்டி வேர் சிகிச்சை செய்துவிடலாம் என்பார் மற்றவர். அங்கே உங்கள் வயது, பொருள்வசதி, மீண்டும் மீண்டும் வந்துபோக இயலுமா என்பவையே முடிவு செய்யும். அந்தத் தேர்வு உங்களுடையது.

‘டாக்டர் கோபித்துக்கொள்வாரோ’ என்ற தயக்கத்தால், இரண்டாம் கருத்தைப் பெற்றபின் முதல் மருத்துவரிடம் திரும்பாமலே இருந்துவிடுவோர் பலர். எங்கள் அனுபவத்தில் நோயாளி இழப்பது இங்கேதான். உங்கள் பல்லைத் தொட்டுப் பார்த்தவர் அவர். பதிலில் எழும் கேள்விக்கு விடை அவரிடம் இருக்கலாம். “என் மகன் ஒரு நிபுணரிடம் கேட்டான், அவர் இப்படி எழுதியிருக்கிறார், தாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று அந்தத் தாளை நீட்டுங்கள். அம்மையாரின் குடும்பம் மறுநாளே அப்படிச் செய்திருந்தால், ஊர் மருத்துவர் படத்தைக் கண்ட கணத்திலேயே அது திரும்பியிருப்பதைச் சுட்டியிருப்பார்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

முகத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம் பரவுதல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இவற்றுடன் காய்ச்சல்: இவை எதற்கும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். அடிபட்டு நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடையுங்கள்; எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணுக்கும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுக்கும், குறிப்பாகப் புகையிலை, பாக்கு போடும் வழக்கம் உள்ளவருக்கு, ஒளிப்படத்தை வைத்து ஒருவர் ‘பயமில்லை’ என்று சொன்னாலும் நேரில் காட்டியே ஆக வேண்டும்; தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க நேரிடும்.

எங்கள் புற்றுநோய்ப் பிரிவில் தலை, கழுத்துக் கதிர்வீச்சுக்குக் காத்திருப்போர் தனியாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். காக்க முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்துப் புண் ஆறவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். அங்கே இரண்டாம் கருத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஓரிரு நாள்களே. கேட்பதென்றால், பல் பரிசோதனை முடிந்த அன்றே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே கோப்பையும் சோதனைக் குறிப்பையும் அப்போதே எங்கள் பிரிவில் பெற்றுக்கொள்ளலாம்.